விரதத் தலைவலி

இரண்டு வருடத்துக்கு முந்தைய வைகாசி மாதம். உத்தராகண்டில், மரமெல்லாம் முடிந்துபோய் வெறும் கல்லும் பனியும் மட்டும் இருக்கிற உயரத்தில், நானும் என் தம்பியும் கூடாரத்தையும் மூட்டையையும் முதுகில் சுமந்தபடி ஏறிக்கொண்டிருந்தோம். வழிகாட்டி கிடையாது. கூட்டத்தோடு போனால் அவர்கள் விசிலுக்கு எழுந்து அவர்கள் விசிலுக்குத் தூங்க வேண்டும் என்று தம்பிக்கு எரிச்சல்.

எங்களுக்குச் சொந்த ஊர் திருத்தணி. இருவருக்கும் சென்னைப் பக்கம் வேலை. காலையில் அரக்கோணம் ரயிலுக்கு ஓடுவதற்கு முன்னால், மூட்டையோடு மலைக்கோயில் படி ஏறி இறங்கிப் பழகினோம். படியோரம் பூ விற்கிற அம்மா, "இன்னா கண்ணு, காவடிக்குப் பதிலா பையைத் தூக்கினு வரீங்க?" என்று கிண்டல் செய்யும். தம்பி ஒன்றும் விளையாட்டுப் பிள்ளை இல்லை. உடம்பு பழக எங்கே தங்க வேண்டும், எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் தேடிப் படித்தவன். "தலைவலியும் வாந்தியும் சேந்து வந்தா மேல ஒரு அடி வெக்கக்கூடாதுக்கா, எறங்கிடணும்" என்று எனக்குப் பாடம் எடுத்தவனே அவன்தான்.

அப்படிப்பட்டவன், கடைசி முகாமுக்கு ஏறுகிற நாளில் கிருத்திகை விரதம் வருவதை மட்டும் ஒரு ஆபத்தாகவே நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் கிருத்திகை என்றால் விளக்கு வைக்கிற வரைக்கும் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. தம்பி விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு மாதம்கூட விட்டதில்லை.

"இங்க வேணாம்டா, சாமி கோச்சுக்காது. தண்ணியாவது குடி" என்றேன்.

"கீழ இருக்கும்போதே விடமாட்டேன். மலைமேல நின்னுகினு விட்டுடுவனா?" என்று சிரித்தான். நீட்டிய தண்ணீர் பாட்டிலை மூடிப் பையில் வைத்தேன்.

மதியத்துக்கு மேல் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டான். இறங்கிவிடலாம் என்றேன்.

"ஐய, விரதத் தலைவலிக்கா. உனக்குத் தெரியாதா? மாசாமாசம் வர்றதுதான்."

தெரியும். பட்டினி கிடந்தால் அவனுக்குத் தலை வலிக்கும் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். அடுத்து குமட்டினான். வெறும் வயிற்றுப் பித்தம் என்றான். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவி மிகக் குறைவாகக் காட்டியது. கை ஜில்லிட்டிருந்தால் அது அப்படித்தான் காட்டும் என்றான். ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு பதில் இருந்தது, ஒவ்வொன்றும் நம்புகிற மாதிரியே இருந்தது. கூட ஒரு வழிகாட்டி இருந்திருந்தால் அவர் தம்பியின் விரதத்தைப் பார்த்திருக்க மாட்டார், முகத்தைப் பார்த்திருப்பார்.

பொழுது சாய்கிற நேரத்தில் முகாம் போட்டோம். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, நான் காய்ச்சிக் கொடுத்த கஞ்சியைக் குடித்தான். குடித்த வேகத்தில் அத்தனையும் வெளியே வந்தது. சாப்பிட்டால் சரியாகிவிட வேண்டிய தலைவலி சரியாகவில்லை. அது விரதத்தால் வந்தது இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதற்குள் மூடுபனி இறங்கி, நீட்டிய கை தெரியாமல் போய்விட்டது. போனில் சிக்னல் இல்லை. கத்தினால் கேட்க ஆளும் இல்லை.

வெளிச்சம் வந்ததும் அவனைத் தூக்கி நிறுத்தினேன். கால் பின்னியது. என்னை உற்றுப் பார்த்து, "அரக்கோணம் வண்டி வந்துடுச்சாக்கா?" என்று கேட்டான்.

"ஆங், வந்துடுச்சு. வாடா, ஓடலாம்" என்று அழுதுகொண்டே அவனைத் தோளில் சாய்த்து இழுத்தேன். என்னைப்போல் ஒன்றரை மடங்கு கனம் அவன். சறுக்கி விழுவோம், எழுவோம், மறுபடி விழுவோம். தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன், பிறகு திட்டினேன். வழியில் ஆடு மேய்க்கிற இரண்டு பேர் பார்த்துவிட்டு ஓடி வந்தார்கள். அவர்கள் பாஷை எனக்குப் புரியவில்லை. ஒரு கம்பளியில் அவனைக் கிடத்தி, மூன்று பேருமாகப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். கீழே ரோடு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அவர்களில் ஒருவர் நின்றார். கம்பளியைக் கீழே வைத்துவிட்டுத் தலைப்பாகையைக் கழற்றினார். அதன் அர்த்தம் புரிய எனக்குப் பாஷை தேவைப்படவில்லை.

உயரத்தினால் மூளையில் நீர் கோத்துக்கொண்டது, நேற்று மதியமே இறக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்றார் கீழே இருந்த டாக்டர்.

ஊருக்குக் கொண்டுவந்தோம். பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த பெரியம்மா அம்மாவைக் கட்டிக்கொண்டு, "கிருத்திகை வெரதம் இருந்து மலைமேல போயிருக்கான்டி. முருகனே கூட்டுகினான். யாருக்கு இந்தக் குடுப்பினை?" என்றாள். அதுவரைக்கும் கல்லாக உட்கார்ந்திருந்த அம்மா அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் வாய்விட்டு அழுதாள். இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்கிறாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் ஒரு வாய் சோறு சாப்பிடுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டுகிறேன்.

அம்மாவிடம் என்றைக்கும் சொல்ல முடியாததை, மலை ஏறக் கிளம்புகிற உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்: என் தம்பியை யாரும் கூப்பிடவில்லை, தலை வலித்தபோதே நாங்கள் இறங்கியிருந்தால் அவன் இன்று வீட்டில் இருப்பான்.