அகரம் வீட்டுச் சுவரில் உட்கார்ந்திருந்தவர்

"அண்ணே, அந்தம்மா மறுபடியும் வந்துருச்சு."

பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பெயிண்டர் போனில் இப்படிச் சொன்னால் என்ன செய்வீர்கள்? நான் பேஸ்டை விழுங்கினேன். திண்டுக்கல்லில் இருபது வருடத்துக்கு மேலாக இன்டீரியர் வேலை செய்கிறேன். கரையான், தண்ணீர்க் கசிவு, வேலை முடியும் நாளில் கலரை மாற்றச் சொல்லும் மாமியார் எல்லாவற்றையும் சமாளித்தவன். ஆனால் இறந்துபோன ஒருவர் பெயிண்டைத் தாண்டி வெளியே வந்தால் அதற்கு எப்படி கொட்டேஷன் போடுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக, நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஜப்பான் பாதி, நார்வே பாதி

திண்டுக்கல் பக்கத்து அகரம் ஊரில் சவரிமுத்து சாரின் வீடு. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி லூர்து மேரி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் ஸ்டெல்லாவுக்குப் பெங்களூரில் வேலை. அவள்தான் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அம்மா போனதுலேருந்து அப்பா ஹாலுக்கே வரமாட்டேங்கிறாரு. அடுப்படியில சேரைப் போட்டு உக்காந்திருக்காரு. சாப்பாடும் அங்கதான், தூக்கமும் அங்கதான். வீட்டையே புதுசா மாத்திக் குடுங்க. அப்பவும் இப்பிடியே இருந்தாருன்னா, வீட்டைப் பூட்டிட்டு என்கூடக் கூட்டிட்டுப் போயிருவேன்."

போனில் படங்களைக் காட்டினாள். சாம்பல் நிறச் சுவர், கோடு கோடாகச் சுவரை மூடும் பலகைப் பேனல், கைப்பிடியே இல்லாத அலமாரி, கூரை ஓரத்தில் ஒளிந்திருக்கும் லைட். "இதான்ணே இப்ப டிரெண்ட். ஜப்பான் பாதி, நார்வே பக்கம் பாதி."

"இதுல அகரம் எங்கம்மா வரும்?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. நல்ல ஜோக்குதான், நேரம் சரியில்லை.

அளவெடுக்கப் போனேன். ஹாலில் ஜன்னலை ஒட்டிய சுவரில், தரையில் உட்கார்ந்தால் தலை வரும் உயரத்தில், வட்டமாக ஒரு பழுப்புக் கறை. எண்ணெய் வைத்த தலை வருடக்கணக்கில் சாய்ந்து சாய்ந்து விழுந்த கறை. நம் ஊர் வீடுகளில் பாதியில் இது உண்டு. அதற்கு நேர் கீழே சிவப்புத் தரையும் ஓர் ஆள் அகலத்துக்கு மங்கியிருந்தது. பட்டி மாவு பூசித் தேய்த்தால் போய்விடும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுப்படி வாசலில் நின்று, "சார், கலர் பாக்குறீங்களா?" என்றேன்.

"எல்லாம் பாப்பா சொன்னபடி செய்ங்க தம்பி." ஹால் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

தலை, பிறகு தோள்

என் பெயிண்டர் முருகேசன், வடமதுரைக்காரன். சுவருக்குப் பட்டி பார்த்தான், பிரைமர் அடித்தான், ஸ்டெல்லா கேட்ட சாம்பல் கலரையும் அடித்தான். கண்ணாடி மாதிரி இருந்தது. சில நாளில் கறை உள்ளிருந்து எழுந்து வந்தது. பழைய மஞ்சள் சுவரில் அது வெறும் அழுக்கு. இந்தச் சாம்பல் சுவரில் அது ஓர் ஆள்.

சுரண்டினோம், சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவினோம், மறுபடி பட்டி, மறுபடி கலர். அதற்குப் பிறகுதான் நான் பேஸ்ட் விழுங்கிய அந்தக் காலை.

போய்ப் பார்த்தேன். புது பெயிண்ட் நாற்றத்துக்கு நடுவே தேங்காய் எண்ணெய் வாசம். முருகேசன் வாசற்படியைத் தாண்டி உள்ளே வர மறுத்தான்.

"அண்ணே, போன தடவ தலை மட்டுந்தேன். இந்தத் தடவ தோளும் சேந்து வந்துருக்கு. அடுத்த கோட்டு அடிச்சம்னா எந்திரிச்சு நிக்கும்."

"ஏலே, சும்மா கத்தாத. எண்ணெய்டா அது."

"எண்ணெய்தானண்ணே? போயித் தொடுங்க பாப்போம்."

முதலாளி என்ற மரியாதையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. போய்த் தொட்டேன். அந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் ஒருவர் எழுந்து போன மாதிரி.

அந்தச் சுவரின் வெளிப்பக்கம் காலை வெயில் நேராக அடிக்கிறது என்பதை வெளியே வந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். 'வந்து' என்று எழுதுகிறேன். முருகேசனைக் கேட்டால் வேறு வினைச்சொல் சொல்வான்.

பேனல்

எங்கள் தொழிலில் ஒரு ரகசியம் உண்டு. சரிசெய்ய முடியாததை மூடிவிட வேண்டும். பேனல் என்ற ஒன்று இவ்வளவு பிரபலமானதற்கு எனக்குத் தெரிந்த காரணம் அதுதான். மறுநாள் உச்சி வெயிலில் பேனலும் டிரில்லுமாகப் போய் இறங்கினேன். முருகேசன், "செத்த நேரம் பைக்கைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்ணே" என்று தெருவிலேயே நின்றுகொண்டான்.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஹால் அரை இருட்டு. குனிந்து டிரில்லைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, வெள்ளையாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். தரை மங்கிய அதே இடத்தில். தலை, அந்தக் கறையின் மேல்.

நான் போட்ட சத்தத்தில் வெளியே பைக் ஸ்டார்ட் ஆகும் ஓசை கேட்டது. என் பைக்.

"நான்தான் தம்பி." சவரிமுத்து சார். வெள்ளை வேட்டி, வெள்ளை பனியன். "பயந்துட்டீங்களோ?"

"இல்ல சார், டிரில்லு சத்தம்…"

"அதை இன்னும் பிளக்குலயே சொருகலையே தம்பி."

கணக்கு வாத்தியாரிடம் தப்பிக்க முடியாது. நான் பேனல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஹாலுக்கே வராதவர் எப்படி வந்தார் என்று கேட்டேன்.

"இந்த எடம் காலியா கெடக்கிறதப் பாக்க முடியாமத்தான் வராம இருந்தேன். இங்கதான் உக்காந்து காய் நறுக்குவா. நான் எதுத்தாப்புல உக்காந்து பேப்பரை வாசிப்பேன். நாட்டுல என்ன தப்பு நடந்தாலும் என்னையத்தான் திட்டுவா. நீங்க பூசிட்டீங்கன்னதும், சரி, போனவ போனவதான்னு நெனச்சுக்கிட்டேன்." சுவரில் தலையை லேசாக உருட்டினார். "நேத்து ஒங்க ஆளு, திரும்பி வந்துருச்சுன்னு கத்துனான். வந்தவளப் பாக்காம இருக்க முடியுமா தம்பி?"

வாய்ப்பாடு சொல்வது போன்ற அமைதியான குரல். பிறகு பேனலைப் பார்த்தார்.

"அதை அடிச்சுராதீங்க. மூச்சு முட்டும்."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

பேனலைத் திருப்பி அனுப்பினேன். ஹால் டிசைனை அந்த இடத்திலிருந்து புதிதாக வரைந்தேன். எதிரே சாருடைய பழைய பிரம்பு நாற்காலி, அதற்கு மேல் பேப்பர் வாசிக்க ஒரு லைட், இரண்டுக்கும் நடுவே எதுவும் கிடையாது. மற்ற அறைகளில் ஜப்பானும் நார்வேயும் இஷ்டப்படி இருந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஸ்டெல்லா வந்த நாள்

சொல்லாமல் செய்துவிட்டதால் திட்டு நிச்சயம் என்று தெரியும். வாசலிலேயே ஆரம்பித்தாள். "என்னண்ணே இது? சுவத்துல கறை அப்பிடியே நிக்குது. இம்புட்டுச் செலவு பண்ணி…"

உள்ளே சத்தம் கேட்டது. இருவரும் எட்டிப் பார்த்தோம். சார் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு செய்தியை முடித்தார். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். யாரோ பேசி முடிப்பதற்கு ஆகும் நேரம் காத்திருந்தார்.

"ஆமா, அதுக்கும் நான்தான் காரணம்" என்று சொல்லி, பக்கத்தைத் திருப்பினார்.

ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அப்பாவுக்கு ஒண்ணும் ஆயிரலையே?"

"தெரியலம்மா. ஆனா நேத்து ஹால்லயே உக்காந்து, ரெண்டு தடவ சோறு போட்டுச் சாப்பிட்டாரு."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அம்மாவின் இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். அப்பாவைப் பெங்களூருக்குக் கூட்டிப்போகும் பேச்சு அன்று எழவில்லை. அதற்குப் பிறகும் எழவில்லை.

நாங்கள் பூசுவதை நிறுத்தியதும் கறை படர்வதும் நின்றுவிட்டது. ஈரம் படாவிட்டால் எண்ணெய் நகராது, அவ்வளவுதான் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். முக்கியமாக என்னிடம்.

எண்ணெய்க் கறை நிஜமாகவே போக வேண்டும் என்றால் பூச்சு வரை சுரண்டி எடுத்து, ஆயில் பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே பட்டி பாருங்கள். டிரெண்ட் படங்களும் பாருங்கள், தப்பில்லை. ஒரு வீட்டின் சொந்த ஸ்டைல் அந்த வீட்டு ஆட்கள் சாய்ந்த இடத்திலும் தேய்த்த இடத்திலும் ஏற்கெனவே பாதி வரைந்து கிடக்கும். அதனால் சுரண்டும் கத்தியை எடுக்கும் முன், கறையைக் காட்டி, "இது யாரு?" என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பதிலாக ஒரு பெயர் வந்தால், பட்டி வாளியை மூடிவிடுங்கள்.