கொடி ஏறுன வாரம்

எங்க வீட்டு ஆளுங்கள நெனச்சா இன்னிக்கும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. என் தம்பி இளஞ்செழியனோட பொண்டாட்டி கவிநிலா. எங்க ஊரு ஆசிரமம் பக்கத்துல ஒரு ஓட்டல்ல கல்லாவப் பாத்துக்குற பொண்ணு. வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அதனாலதான் எனக்கு அவளப் புடிக்கும்.

அவ முழுகாம இருக்கும்போது அஞ்சாம் மாசத்துல ரத்தம் பட்டுச்சு. எங்கம்மா ராஜம்மாள், எல்லாம் உடம்பு சூடுனு சொல்லி வெந்தயத்த ஊற வெச்சுக் குடுத்தே ஒரு மாசத்த ஓட்டிடுச்சு. அப்புறம் நான் சண்டை போட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். கர்ப்பப்பை வாயில புத்துநோய்னுட்டாங்க. வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டே மருந்து ஏத்திக்கிட்டா. வாந்தி எடுத்து முடிச்ச கையோட, பசிக்குது அண்ணினு இட்லி கேப்பா. நான் வெளிய போய் அழுதுட்டு வாங்கிட்டு வருவேன்.

எட்டாம் மாசக் கடைசியில டாக்டரம்மா எங்க எல்லாரையும் உக்கார வெச்சுத் தெளிவா சொன்னாங்க. இவளுக்கு சுகப்பிரசவம் கூடாது. புள்ள அந்த வழியா வந்தா கட்டி கிழிஞ்சு ரத்தம் நிக்காது, தையல் போட்ட எடத்துலயும் நோய் ஒட்டிக்கலாம். ஆபரேஷன் பண்ணி புள்ளைய எடுக்கணும், அப்பவே கர்ப்பப்பையையும் எடுத்துடணும், தள்ளிப்போடக் கூடாதுனு தேதியும் குடுத்தாங்க.

அந்தத் தேதி, கார்த்திகை தீபத்துக்குக் கொடி ஏறுற நாளுக்கு மறுநாள். வந்துச்சு வம்பு. கொடி ஏறிட்டா தீபம் முடியிற வரைக்கும் எங்க வீட்டுல யாரும் வெளியூர்ல ராத்தங்க மாட்டாங்க. எங்கப்பா வேடியப்பன், கூடப்பொறந்த அக்கா சாவுக்கே போயிட்டு அன்னிக்கே திரும்பி வந்த ஆளு. தீபம் முடியட்டும், பத்து நாள்ல என்னா ஆயிடப்போவுதுன்னாரு. எங்கம்மாவோ, நம்ம வீட்டுல எவளுக்கும் வயித்தக் கிழிச்சதில்ல, காத்திருந்தா தானா பொறக்கும்னு ஆரம்பிச்சிடுச்சு. டாக்டரம்மா அத்தன நேரம் செவுத்துக்கிட்டயா பேசுனாங்க? என் தம்பி பூம்பூம் மாடு மாதிரி ரெண்டு பேருக்கும் தலையாட்டுனான்.

கவிநிலா வயித்தப் புடிச்சுக்கிட்டு எழுந்து நின்னா.

"மாமா, ஊர விட்டுப் போகக் கூடாது, சரி. உசுர விட்டுப் போலாமா?"

நான் அப்பவே போன் பண்ணி ஆட்டோவுக்குச் சொல்லி வெச்சேன். கொடி ஏறுன அன்னிக்கு ஊரே கோயில் பக்கம் போவ, நாங்க ரெண்டு பேரும் வேலூர் பஸ் ஏறுனோம். வாசல் வரைக்கும் பையத் தூக்கிட்டு வந்த தம்பி அங்கயே நின்னுட்டான். தாலி கட்டுனவன்!

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. பொட்டப்புள்ள, எடை கம்மி, கண்ணாடிப் பெட்டியில வெச்சாங்க. கவிநிலாவுக்கு இன்னும் கரண்ட் வைக்கிற கதிர்வீச்சு வைத்தியம் பாக்கி இருந்துச்சு.

தீபம் முடிஞ்சு தம்பி வந்தான். கையில கோயில் பிரசாதம். அப்பா பேச்ச மீற முடியல, நீ தப்பா நெனச்சுக்காதன்னு ஆரம்பிச்சான். அவ கோவமே படல.

"கர்ப்பப்பைய எடுக்கச் சொல்லி நானே கையெழுத்துப் போட்டேன். நீங்க வர்ற வரைக்கும் காத்திருந்தா, இந்தப் பிரசாதத்த என் படத்துக்கு முன்னாடிதான் வெச்சிருப்பீங்க."

அவன் கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு அழுதான். அழட்டும்னு நான் புள்ளையப் பாக்கப் போயிட்டேன்.