கெட்டுப்போன பாட்டிலைக் கேட்டவள்

சரளா போய்விட்டாள் என்று அவள் அண்ணன் போனில் சொன்னபோது, பாகலூரில் எங்கள் திசு வளர்ப்பு லேபின் வாசலில் தொப்பியும் மாஸ்க்கும் போட்டு உள்ளே நுழைய நின்றிருந்தேன். "காய்ச்சல்தான் அக்கா. நாலு நாள்ல எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றார். போனை வைத்துவிட்டு உள்ளே போய் ஷிப்ட் முடியும்வரை ஜெர்பரா பூச்செடி நாற்று வெட்டினேன். நடுவில் எழுந்து வர விடமாட்டார்கள். அழுகையெல்லாம் மாஸ்க்குக்குள்ளேயே போயிற்று.

அவளோடு உட்கார்ந்து வேலை பார்த்த உங்களுக்கு அந்த அறையைச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கிடையாது. பாட்டிலிலிருந்து நாற்றை எடுக்க வேண்டும், வெட்ட வேண்டும், அடுத்த பாட்டிலில் நட வேண்டும். இதற்குத்தான் நம்மிடம் பட்டம் கேட்டார்கள். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூர் வந்தவள், தாவரவியல் எம்.எஸ்ஸி. கர்நாடக எல்லையோரம் நாட்றாம்பாளையத்துச் சரளாவும் அதே படிப்புதான். வந்த வாரமே, "பிஎச்.டி.க்குப் போகணும் அக்கா" என்றாள். "வந்தவங்க எல்லாரும் சொன்னதுதாண்டி, கையை நிறுத்தாம வெட்டு" என்றேன்.

பூஞ்சை பிடித்த பாட்டிலைத் திறக்காமல் ஒதுக்கிவிட வேண்டும் என்பது லேபின் சட்டம். ஒரு மழைக்காலத்தில் வரிசை வரிசையாகக் கெட்டன. அதில் ஒன்றில் மட்டும் பூஞ்சைக்கு நடுவிலேயே நாற்று பச்சையாக நின்றது. "இது மட்டும் ஏன்க்கா சாகல?" என்றவள், நேராக சூப்பர்வைசரிடம் போய் அந்தப் பாட்டிலைக் கேட்டேவிட்டாள். "ஏம்மா, நாத்து வெட்டச் சொன்னா என்ன ஆராய்ச்சி பண்ணிட்டிருக்க?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். பாட்டில் மற்றவற்றோடு குப்பைக்குப் போனது.

பிஎச்.டி. நுழைவுத் தேர்வில் தேறினாள். ஆனால் போன இடமெல்லாம் ஆராய்ச்சி அனுபவம் கேட்டார்கள். அனுபவம் வேண்டுமென்றால் சம்பளமில்லாமல் எங்காவது சில மாதம் இருக்க வேண்டும். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. வீட்டுக்காக லேபில் இருந்தாள், லேபில் இருந்ததால் அனுபவம் இல்லாதவள் ஆனாள். இரண்டு நேர்காணலில் திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் மறுநாள் வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டினாள்.

மூன்றாவது நேர்காணல் பெங்களூரில். "இத்தனை வருடத்தில் என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்களாம். பதற்றத்தில் இவளுக்கு வந்தது கன்னடம். ஒன்றும் கண்டுபிடிக்க விடவில்லை, கெட்டதைத் தூக்கிப் போடத்தான் சொன்னார்கள் என்று ஆரம்பித்து, அந்தப் பச்சை நாற்றின் கதையை மூச்சுவிடாமல் சொல்லியிருக்கிறாள். நடுவில் தெலுங்கும் கலந்துவிட்டதாம். கேட்டுக்கொண்டிருந்த பேராசிரியர் அம்மா ஒருவர் இவளைச் சேர்த்துக்கொண்டார், உதவித்தொகையோடு. சேதி வந்த அன்று ஷிப்ட் பஸ்ஸில் அவள் போட்ட கூச்சல் உங்களுக்கு நினைவிருக்கும். எனக்குச் சந்தோஷமா, பொறாமையா? இரண்டும்தான்.

தீபாவளிக்கு அவள் ஊருக்குப் போகிற வழியில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொண்டோம். "எப்படிடி இருக்கு?" என்றேன்.

"அங்கயும் ஜன்னல் இல்லாத ரூம்தான் அக்கா. அங்கயும் பாட்டில்தான் கழுவறன்" என்று சிரித்தாள். "ஆனா, ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா ஏன்னு பாக்க என்னைத்தான் கூப்பிடறாங்க."

அதற்கப்புறம் அவளைப் பார்த்தது நாட்றாம்பாளையத்தில், மாலைக்கு நடுவில். அந்தப் பேராசிரியர் அம்மாவும் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவள் சொல்லும் அக்கா நீங்கள்தானா? உங்களுக்கு அவளைவிட நல்ல கை என்பாளே, நீங்கள் ஏன் ஆராய்ச்சிக்கு வரவில்லை?" என்றார். ஷிப்ட், குழந்தை, வீட்டு வாடகை என்று என்னென்னவோ வாய்க்குள் வந்தது.

சரளாவிடமிருந்து எனக்கு மிச்சம் என்ன? 'நம்மை மாதிரி ஆட்களுக்கு ஏது வழி' என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தவள் நான். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. தூக்கமும் வரவில்லை. அதைத்தான் எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், பாவி.