அடைப்பு வீட்டுப் பட்டம்மாள்

சிதம்பரத்தில் வாடகையே கொடுக்காமல் வருஷக்கணக்கில் குடியிருந்தவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். ஒருவர் எங்கள் பெரியப்பா பூவராகன், இன்னொருவர் அவர் பெண்சாதி பட்டம்மாள். ஊரில் சிலர் அவர்களைச் சாமர்த்தியக்காரர்கள் என்றார்கள். பலர் பீடை என்றார்கள். அந்தப் பலரில் பாதிப் பேர் அவர்களால் ஆதாயம் அடைந்தவர்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வருவதில்லை.

பெரியப்பாவுக்குக் கடலூர் முதுநகரில் ஒரு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மண்டியில் எடை போடுகிற வேலை. பிள்ளை குட்டி இல்லை. பெரியம்மா அவருக்குச் சொந்த அக்காள் மகள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டாள். மண்டி நொடித்துச் சம்பளம் நின்றபோது வாடகையும் நின்றது. வீட்டுக்காரன் இவர்களுடைய சட்டி பானையைத் தெருவில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டான். தெருவே வேடிக்கை பார்த்தது. பெரியப்பா குனிந்து ஒவ்வொரு சாமானாகப் பொறுக்கி எடுத்தாராம்.

"எவனும் போடான்னு சொல்லாத ஒரு வாசப்படி வேணும் புள்ள. குடிசையா இருந்தாலும் சரி" என்று அன்றைக்குச் சொன்னார். சொன்னவர் அடுத்த வாரமே மறந்திருப்பார், சுபாவம் அப்படி. பெரியம்மா மறக்கவில்லை.

அறுபத்திரண்டில் சிதம்பரத்தில் ஒரு நெல் மில்லில் பெரியப்பாவுக்கு அதே எடை போடுகிற வேலை கிடைத்தது. நான் அப்போது அங்கே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தால், ஒரு குடும்பம் முழுவதும் இரண்டு மூட்டையாகவும் ஒரு டிரங்குப் பெட்டியாகவும் பாசஞ்சர் ரயிலிலிருந்து இறங்குகிறது. லாரி வைத்தால் செலவு, மாட்டு வண்டி வைத்தால் செலவு என்று பெரியம்மா அம்மி, ஆட்டுக்கல், கட்டில் எல்லாவற்றையும் முதுநகரிலேயே விற்றுவிட்டிருந்தாள்.

"கட்டில் எங்க பெரியம்மா?"

"சிதம்பரத்துல மரத்துக்கா பஞ்சம்? வாங்கிக்கலாம் வா."

அந்தக் கட்டிலை அவள் கடைசி வரை வாங்கவே இல்லை.

பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகளால் சிதம்பரத்தில் வாடகை ஏறிக் கிடந்தது. வீட்டுத் தரகர் சடையப்பன் எங்களைத் தெருத் தெருவாக இழுத்துக்கொண்டு அலைந்தார். எந்த வாடகையைக் கேட்டாலும் பெரியம்மா "ஜாஸ்தி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். கடைசியில் சடையப்பன் எரிச்சலில் ஒரு வேடிக்கை செய்தார்.

"ஒரு வீடு இருக்குது. வாடகயே கெடையாது. ஆனா நீங்க போவ மாட்டீங்க."

"ஏன், பாம்பு இருக்குதா?"

"அடைப்புல கெடக்குது. பெரியவரு சதயத்துல போயிட்டாரு."

"செத்தவரு வந்து வாடக கேப்பாரா?"

"அவரு எங்கம்மா கேக்கறது!"

"அப்ப சாவிய வாங்கிக் குடுங்க."

அவிட்டம் முதல் ரேவதி வரை உள்ள ஐந்து நட்சத்திரங்களில் ஓர் உயிர் பிரிந்தால் ஆறு மாதம் வீட்டை அடைத்துப் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வேறு சில நட்சத்திரங்களுக்கு இரண்டு மாதம், மூன்று மாதம். தைரியம் உள்ளவர்கள் உயிர் போன அறையை மட்டும் பூட்டுவார்கள். பயந்தவர்கள் மொத்த வீட்டையும் பூட்டிக்கொண்டு உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பூட்டிய வீட்டில் கறையான் ஏறும், திருடன் ஓடு பிரிப்பான். வேற்று மனுஷர் யாராவது பின்கட்டில் இருந்து பெருக்கி விளக்கு வைத்தால் வீடும் பிழைக்கும், தோஷமும் அவர்கள் தலையோடு போகும் என்று வீட்டுக்காரர்கள் தங்களுக்குச் சௌகரியமாக ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்தார்கள். சாஸ்திரத்தை மடக்கிப் பையில் போட்டுக்கொள்ள நம்ம ஆட்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

ஆறு மாதம் முடிந்ததும் வீட்டுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். இவர்கள் அடுத்த அடைப்பு வீட்டுக்குப் போனார்கள். அப்புறம் அதுவே பிழைப்பாகிவிட்டது. சாவு மேளம் கேட்டால் பெரியம்மா முதலில் நட்சத்திரத்தைத்தான் விசாரிப்பாள். எல்லா வீட்டிலும் அம்மி உண்டு, கிணறு உண்டு. ஒரு கைவண்டியில் ஒரே நடையில் அடங்குகிற சாமானுக்கு மேல் ஒரு துரும்பு சேர்க்க மாட்டாள். பெரியப்பா ஆசைப்பட்டு ஒரு மர நாற்காலி வாங்கி வந்தபோது, "இதுக்கு ரெண்டாம் நடை வண்டிச் சத்தம் நீங்க குடுப்பீங்களா?" என்று வண்டிக் கூலிக்குக் கணக்குக் கேட்டு அன்றைக்கே திருப்பி அனுப்பினாள். அரிசிக்கு ரேஷன் வந்த காலம் வேறு. கார்டில் விலாசம் மாற்றப் போகும்போதெல்லாம் குமாஸ்தா, "இந்தத் தடவ எந்தப் பொணத்து வூடு?" என்று நாலு பேர் நடுவில் கேட்பான். அவள் முகம் கொடுக்காமல் கார்டை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

உறவுக்காரர்கள் வருவது நின்றது. வந்தாலும் வாசலில் நின்று பேசிவிட்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல் திரும்புவார்கள். பெரியப்பா பயந்த மனுஷர். தினமும் விளக்கு வைத்ததும் பூட்டிய அறைக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். "நாங்க பின்னாடி ஓரமாத்தாங்க இருக்கோம். கோச்சிக்காதீங்க" என்று முகம் தெரியாத அந்தச் செத்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். பெரியம்மா சிரிப்பாள்.

ஆனால் அவள் மிச்சம் பிடித்தது பொய்யில்லை. கிள்ளை போகிற சாலையோரம் ஒரு மனை வாங்கினாள். அடுத்து செங்கல். சுண்ணாம்புக்குப் பணம் போதாமல் மண் சாந்து வைத்தே சுவர் எழுப்பினாள். இடித்த வீட்டுச் சாமான் விற்கிற இடத்தில் ஒரு பழைய வாசற்காலும் ஒற்றைக் கதவும் மலிவாக வாங்கினாள். கால் நட்டாயிற்று. கதவு உள்ளே சாய்ந்து கிடந்தது. மேலே ஓடு போட வேண்டியதுதான் பாக்கி.

"கீத்து போட்டுட்டு போயிருவோம் புள்ள" என்றார் பெரியப்பா.

"கீத்து வருஷா வருஷம் மாத்தணும். அது தெண்டச் செலவு. இன்னும் ஒரே ஒரு வூடு மாமா. ஓட்டுக்குச் சேந்துடும்."

"எனக்குப் போதும் போல இருக்குது."

"எனக்கு மட்டும் ஆசையா? ஒரே ஒரு வூடு."

அந்த ஒரே ஒரு வீடு தில்லைநாதன் வீடு. அவருடைய தாயார் பங்குனியில் உத்திரட்டாதியில் இறந்துபோனாள். அவர் குடும்பத்தோடு குமராட்சியில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார். ஆடியில் பெரியப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆவணியில் வயிறு கல்லாக இறுகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டி என்றார்கள். புரட்டாசி பிறந்ததும், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தரையில் கோணியை விரித்துப் படுக்க வைத்தோம். விலா எலும்பு தரையில் குத்துகிறது என்று அவர் முனகும்போதெல்லாம் பெரியம்மா தன் புடவை ஒன்றை மடித்து அடியில் கொடுப்பாள். அவளிடம் இருந்ததே மூன்று புடவைதான்.

தில்லைநாதன் கெட்டவர் இல்லை. கையில் பழத்தோடுதான் வந்தார். பெரியப்பாவைப் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. எங்க அடைப்பு முடியப் போவுது. நாளைக்கு அவிட்டம் பொறக்குது. அதுலேருந்து அஞ்சு நாளும் ஆவாது. இவருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா மறுபடியும் ஆறு மாசம் நாங்க வெளிய நிக்கணும். அடைப்புன்னா என்னான்னு ஒங்களுக்கு நா சொல்லணுமா?"

அவர் சட்டைப் பையில் கையை விட்டார்.

"வண்டிச் சத்தம் நா குடுத்துடறேன்."

"வேணாம். அது எங்களுக்குப் பழக்கம்தான்" என்றாள்.

சடையப்பன் ஊரெல்லாம் சுற்றினார். செத்தவர் வீட்டுக்கு இவர்களைக் கூப்பிட ஊரே இருந்தது. சாகப் போகிறவரோடு உள்ளே விட ஒருவர் இல்லை. நான் குடியிருந்ததும் வாடகைப் போர்ஷன்தான். கூடத்தில் ஒரு மூலை கேட்கப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்கார அம்மாள், "பஞ்சாங்கம் பாத்தியாப்பா?" என்றாள்.

வெயில் சாய்ந்ததும் கைவண்டி வந்தது. இதில் ஏற்றத்தானே இத்தனை வருஷம் சாமானைக் குறைத்தாள். டிரங்குப் பெட்டியும் மூட்டையும் ஓரமாகப் போக, நடுவில் பெரியப்பா தாராளமாகப் படுத்துக்கொள்ள இடமிருந்தது. வண்டிக்காரன் கிள்ளைச் சாலையில் குழி பார்த்து மெல்லத் தள்ளினான். பெரியப்பா கண்ணைத் திறந்து, "அடுத்த வூடா?" என்று கேட்டார். பெரியம்மா அவர் மேல் துண்டை இழுத்துப் போர்த்திவிட்டு நடந்தாள்.

கூரையில்லாத நாலு சுவர். உள்ளே மண் தரை ஈரமாக இருந்தது. சாய்த்து வைத்திருந்த கதவைக் கீழே போட்டு, அதன்மேல் அவரைக் கிடத்தினோம். மேலே இரண்டு கீற்றைச் சாய்த்தேன். பெரியம்மா என்னைப் பால் வாங்கிவரச் சொன்னாள். குடிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். வந்து பார்த்தால் மூன்று செங்கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, சொம்புக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். பாலை ஊற்றி, பொங்கி வழிகிற வரை ஊதினாள்.

"என்னா புள்ள பண்ற?"

"பால் காச்சறேன் மாமா. நம்ம வூடு. குடி வந்துட்டோம்."

அவர் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். வாசற்காலைப் பார்த்தார். மேலே பார்த்தார்.

"யாரும் போன்னு சொல்ல மாட்டாங்களே?"

"எவன் சொல்லுவான்? சொல்லட்டும் பாக்கறேன்."

ஒரு சங்கு பால் உள்ளே போயிற்று. அவர் அழுதார். அவர் அழுததைப் பார்த்து நான் சுவருக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

மறுநாள் முழுக்க உயிர் இருந்தது. அதற்கடுத்த நாள் காலையில், பெரியம்மா முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோதே போய்விட்டார். கடலூரிலிருந்து என் அப்பா சுப்பராயலு, பெரியப்பாவின் தம்பி, பஸ் பிடித்து வந்தார். காரியமெல்லாம் முடிந்து சுடுகாட்டிலிருந்து திரும்பியதும், அண்ணியிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். பெரியம்மாதான் ஆரம்பித்தாள்.

"சதயத்துலதானே போனாரு?"

"ஆமா அண்ணி."

"அப்ப ஆறு மாசம் அடைக்கணும்."

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ அடைப்பைக் காலால் தள்ளியவள் அவள். "இதுல என்னாத்த அண்ணி அடைக்கறது? மேல ஒண்ணுமில்ல. வெறுஞ்செவுரு. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. இங்கேயே கீத்து போட்டுக்கிட்டு இருங்க."

"வெறுஞ்செவுரா? பால் காச்சினேன் இல்ல?" பெரியம்மாவின் குரல் அன்றைக்குத்தான் உயர்ந்தது. "அவரு சொந்த வூட்டுல செத்தாரு. வூட்ட அடைக்கலன்னா அவரு தெருவுல செத்ததா ஆயிடும்."

அப்பா முறுக்கிய துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பிணம் கிடந்த கதவு வெட்டியானுக்குப் போக வேண்டும் என்றார்கள். அவனுக்கு அதற்கு ஈடாகப் பணம் கொடுத்து மீட்டுக்கொண்டாள். ஆசாரியை அழைத்து அந்தக் கதவையே வாசற்காலில் மாட்டினாள். செத்தவர் கிடந்த பலகையை யாராவது வாசலில் மாட்டுவார்களா என்று ஊர் பேசியது. பேசட்டும். புதுப் பூட்டு வாங்கிப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பிறகு சடையப்பனிடம் வாடகைக்கு ஒரு அறை கேட்டாள். அந்த மனுஷர் இரங்கிப்போய், மேலவீதிப் பக்கம் ஒரு வீடு அடைப்பில் இருப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டாள். ஓட்டுக்கு வைத்திருந்த பணத்தில் மாதா மாதம் முழு வாடகை கொடுத்தாள். ஒரு பைசா குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. வாடகையை நீட்டுமுன் நோட்டுகளை மூன்று தடவை எண்ணுவாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் ஒரு மாதம் கொடுக்கப் போனேன், என்னைத் திட்டி அனுப்பினாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் கார்த்திகையிலும் விடவில்லை. மேலே கூரை இல்லை, சுவரில் மண் சாந்து. நான் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கீத்தாவது போடலாம் பெரியம்மா, செவுரு ஊறுது" என்றேன்.

"அடைப்புல கெடக்கற வூட்டுல கை வெக்கக் கூடாதுடா" என்றாள்.

பங்குனியில் ஆறு மாதம் முடிந்தது. காலையில் குளித்துவிட்டு, அகல் விளக்கும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு என்னோடு நடந்து வந்தாள். வடக்குச் சுவர் முழுக்க விழுந்து செங்கல் குவியலாகக் கிடந்தது. பின்சுவர் பாதி போயிருந்தது. வாசல் பக்கத்துச் சுவர் மட்டும் நின்றது, அதில் அந்தக் கதவும் பூட்டும் இருந்தன. உள்ளே ஒரு ஆடு படுத்திருந்தது.

நான் இடிந்த பக்கமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தேன்.

"அங்க ஏன்டா போற? வாசல் இங்க இருக்குது" என்றாள்.

முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தாள். பூட்டு துருப்பிடித்திருந்தது, வெகு நேரம் திருகினாள். கதவைத் தள்ளித் திறந்து, வலது காலை எடுத்து வைத்தாள்.

"மாமா, நான்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.