ஒரு சில்லு குறைகிறது

அவர் எதைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார்? எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று ஏறக்குறைய ஒரு மாதம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு சமயநல்லூரில், திண்டுக்கல் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பின்பக்கம் ஒரு தனியார் கிரிக்கெட் மைதானம். எனக்கு பிளஸ் டூ பரீட்சை முடிந்திருந்தது. அடுத்து என்ன படிப்பது என்று வீட்டில் தினமும் ஒரு முடிவு எடுப்பார்கள், மறுநாள் மாற்றுவார்கள். என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் மாடிக்குப் போய்விடுவேன்.

ஏழு மணிக்கு ஒரு பெண் மைதானத்துக்குள் வருவார். முழுக்கைச் சட்டை, கனமான ஷூ, கழுத்தில் மஞ்சள் கயிற்றில் ஒரு சாவி. ஓரமாக ஒரு சிவப்பு வண்டி நிற்கும். பார்க்கச் சின்ன டிராக்டர் மாதிரி, அடியில் பிளேடு வைத்த புல் வெட்டும் வண்டி. அவர் அதில் ஏற மாட்டார். ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடப்பார். நாலடி தள்ளித் திரும்பி வருவார். மறுபடியும் நடப்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் வண்டி.

உட்கார்ந்தபடி வேலை பார்க்க வண்டி இருக்கும்போது எதற்கு இந்த நடை? தோடு ஏதும் தொலைந்துவிட்டதா? ஒரு மாதமாகவா?

பொறுக்க முடியாமல் ஒருநாள் கம்பிவேலி ஓரம் போய்க் கேட்டேன்.

"அக்கா, என்னத்தத் தேடுறீங்க?"

வாளியைச் சாய்த்துக் காட்டினார். நாலைந்து கல், ஒரு பாட்டில் மூடி, அறுந்த செருப்பு வார், ஒரு பல் தேய்க்கும் பிரஷ்.

"பிரஷ் எப்படிக்கா இங்க வந்துச்சு?"

"அதான் எனக்கும் தெரியல. தெரிஞ்சா வந்து சொல்லு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் பெயர் தமிழ்வாணி. வயது முப்பத்து நான்கு. மேலூருக்குக் கிழக்கே ஒரு ஊர். அம்மா சோணையம்மாள் அடுத்தவர் வயலில் நடவும் களையெடுப்பும் பார்த்தவர். தமிழ்வாணி பத்தாவது வரை படித்தார். கல்யாணமாகி சமயநல்லூருக்கு வந்தார். மைதானம் திறந்தபோது கோரைப்புல் பிடுங்க எட்டுப் பெண்களை எடுத்தார்கள், அதில் ஒருவராகச் சேர்ந்தார். வயலில் குனிந்த அதே குனிவுதான், என்ன, இங்கே சேறு கிடையாது என்பார்.

பிறகு அந்தச் சிவப்பு வண்டி வந்தது. அதை ஓட்ட விக்ரம் என்ற பையனைப் போட்டார்கள். இருபத்தாறு வயது. டிராக்டர் ஓட்டிப் பழகிய கை. வண்டியை வேகமாகத்தான் ஓட்டுவான். ஒருநாள் தமிழ்வாணி வேலி ஓரம் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது முழங்காலுக்குக் கீழே யாரோ கட்டையால் அடித்தது போல இருந்தது. குனிந்து பார்த்தால் ரத்தம். பக்கத்தில் ஒரு கூழாங்கல் கிடந்தது.

"யாருடா எறிஞ்சதுன்னு சுத்திப் பார்த்தேன். ஒருத்தரும் இல்ல. வண்டி மட்டும் தூரத்துல ஓடிக்கிட்டு இருக்கு" என்று என்னிடம் சொன்னார்.

ஏழு தையல். காயம் ஆறி வேலைக்குத் திரும்பிய அன்று அவர் செய்த முதல் காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் கல்லைப் பத்திரமாக வைத்திருந்தார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, தான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வண்டி ஓடிய இடம்வரை அடி எண்ணி நடந்தார். நாற்பத்திரண்டு அடி வைத்தார். இத்தனை தூரம் ஒரு கல் எப்படி வந்தது? விக்ரமிடமே போய்க் கேட்டார். அவன் பயந்துபோய், வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு அடியில் காட்டினான். பிளேடு சுற்றும்போது வெட்டின புல் பக்கவாட்டில் ஒரு வாய் வழியாக வெளியே பறக்கும். புல்லோடு கல் போனால் கல்லும் பறக்கும். அந்த வாயை மறைக்கும் மூடி உடைந்து போயிருந்தது. சீட்டுக்குக் கீழே ஒரு ஸ்விட்ச் உண்டு. ஓட்டுகிறவர் எழுந்தால் இஞ்சின் தானாக நிற்க வேண்டும். எழுந்து நின்று முன்னால் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று விக்ரம் அதைக் கம்பியால் கட்டிவைத்திருந்தான்.

மைதானத்தின் மேனேஜர் கிரிதர் சார் மதுரைக்குள்ளிருந்து தினமும் வந்துபோகிறவர். அவர் விக்ரமை வண்டியிலிருந்து இறக்கித் தண்ணீர் டிராக்டருக்கு அனுப்பினார். வண்டிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. தமிழ்வாணி போய், "சார், நான் ஓட்டிப் பாக்கட்டுமா?" என்றார். மொபெட்டில் புல்லுக்கட்டு ஏற்றி ஓட்டிய பழக்கம்தான் அவருக்கு இருந்தது. கிரிதர் சார் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். அதற்குள் சரியாக வந்தால் நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி களை பிடுங்கத்தான்.

முதல் நாள் தமிழ்வாணி வண்டியில் ஏறவே இல்லை. அந்தக் கம்பியை அவிழ்த்தார். புது மூடி வரும்வரை வண்டியைத் தொட மாட்டேன் என்றார்.

அந்த மூன்று மாதமும் நான் முதலில் மாடியிலிருந்தும் பிறகு வேலி ஓரத்திலிருந்தும் பார்த்தேன். சில விஷயங்கள் எனக்குப் புரிய நாளானது. காலை ஈரம் காயாமல் வெட்ட மாட்டார். ஈரப்புல் அடியில் அப்பிக்கொள்ளும், வழுக்கவும் செய்யும். அப்பிய புல்லை எடுக்க வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தி, சாவியைக் கழுத்தில் மாட்டி, இஞ்சின் தவறிக்கூடக் கிளம்பாதபடி பிளக் ஒயரையும் கழற்றிய பிறகுதான் அடியில் கையை விடுவார், அதுவும் ஒரு குச்சியோடு. சூடான இஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்ற மாட்டார். மேற்கே ஆட்கள் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒரு மண்மேடு இருக்கிறது. சரிவில் வண்டி கவிழும் என்று அதில் குறுக்கே ஓட்ட மாட்டார், நேராக ஏறி நேராக இறங்குவார். ஒரு ரவுண்டு கூட்டிப்போகச் சொல்லி அவர் மகளே அழுதாள். "ஒத்த சீட்டு வச்சிருக்கான் பாரு, அது ஒத்த ஆளுக்குத்தான்" என்று இறக்கிவிட்டார்.

வாட்ச்மேன் உக்கிரபாண்டி இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பார். "ஏரோப்ளேன் ஓட்டுறவன் கூட இம்புட்டுப் பாக்க மாட்டான், தாயி."

"அவன் மேல போயிருவான்ணே. நான் இங்கிட்டே இருக்கணும்ல" என்பார் தமிழ்வாணி.

மூன்று மாதம் முடியும் நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டி தொடங்கியது. தொடக்க நாள் காலை ஒன்பதுக்கு முதல் ஆட்டம். பதினொன்றுக்கு மேல் வெயிலில் சின்னப் பிள்ளைகள் ஆட முடியாது என்பதால் நேரத்துக்குத் தொடங்கியாக வேண்டும். முந்தின நாள் மழை பெய்ததால் கிழக்கு ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் வெட்டாமல் நின்றது. தமிழ்வாணி விடிந்ததும் அந்தப் பட்டையை நடந்து பார்த்து, கல் பொறுக்கி, ஈரம் காயட்டும் என்று காத்திருந்தார். அன்று சாயங்காலம் நிரந்தர வேலைக்கான பேப்பரில் கையெழுத்துப் போடுவதாக கிரிதர் சார் சொல்லியிருந்தார்.

எட்டேகாலுக்கு கிரிதர் சார் வந்தார். நல்ல மனதோடுதான் வந்தார். வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, அந்தப் பட்டைக்குப் பக்கத்தில் கிடந்த இரும்பு ரோலரின் மேல் ஒரு தேங்காயை ஓங்கி அடித்தார். சிதறுகாய். சில்லுகள் நாலு பக்கமும் பறந்து புல்லுக்குள் விழுந்தன. எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான்.

தமிழ்வாணி மட்டும் தட்டவில்லை.

"சார், கொஞ்சம் பொறுங்க" என்று வாளியை எடுத்தார்.

பத்து நிமிடத்தில் சில்லுகளைப் பொறுக்கிவந்தார். அத்தோடு வண்டியில் ஏறுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் ஒரு துண்டைத் தரையில் விரித்து உட்கார்ந்தார். மூன்று கண் உள்ள சில்லை நடுவில் வைத்தார். அதன் விளிம்போடு பொருந்தும் சில்லைத் தேடி ஒட்டவைத்தார். அடுத்தது. அதற்கடுத்தது. உடைந்த தேங்காய் அவர் இரண்டு கைக்குள் மறுபடி உருண்டையாகிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் மட்டும் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஓட்டை.

"ஒரு சில்லு குறையுது சார்."

கிரிதர் சார் கடிகாரத்தைப் பார்த்தார். "என்னம்மா விளையாடுறியா? ஒரு சில்லு தானே."

"எனக்குப் பட்டதும் ஒரு கல்லுதான் சார்."

எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் குனிந்து நிமிர்ந்து உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். வெட்டாத புல்லிலிருந்து முப்பது அடிகூட இல்லை.

"வெட்டாம விட்டுருவோமா சார்? கயித்த உள்ள தள்ளிக் கட்டிக்கலாம்."

"சீஃப் கெஸ்ட் வந்து உட்காரப்போறதே அந்தப் பக்கம்தான். இதுதான் உன் முடிவுன்னா சாவியைக் கொடு. விக்ரம், நீ ஏறு."

சாவி கை மாறினால் அந்தச் சீட்டும் மாறும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். தமிழ்வாணி சாவிக் கயிற்றைத் தலைவழியே கழற்றி நீட்டினார்.

"குடுத்துர்றேன் சார். ஆனா அந்தப் புள்ளைகள மொதல்ல மேக்க கூட்டிப் போயிருங்க. அதுக்கப்புறம் ஓட்டச் சொல்லுங்க."

விக்ரம் சாவியை வாங்கினான். மூன்று மாதமாக அவன் அந்தச் சீட்டைப் பார்த்த பார்வையை நான் கண்டிருக்கிறேன். ஏறி உட்கார்ந்தான். இஞ்சின் கிளம்பியது. பிளேடைச் சுற்றவிடும் மஞ்சள் குமிழில் கையை வைத்தான். வைத்த கை அப்படியே இருந்தது. தலையைத் திருப்பி, "அக்கா, எம்புட்டுப் பெருசு?" என்று கத்தினான்.

தமிழ்வாணி துண்டோடு தேங்காயைத் தூக்கி அந்த ஓட்டையைக் காட்டினார்.

விக்ரம் பார்த்தான். இஞ்சினை நிறுத்தினான். இறங்கி வந்து, "நானும் தேடுறேன் சார். ரெண்டு பேரு பாத்தா வெரசா முடிஞ்சுரும்" என்றான். சாவியைத் தமிழ்வாணியிடமே திருப்பிக் கொடுத்தான்.

கிரிதர் சார் போனை எடுத்து யாரிடமோ பேசியபடி தள்ளிப் போனார். இரண்டு பேரும் புல்லைக் கையால் கோதிக்கொண்டே முட்டிபோட்டு நகர்ந்தார்கள். வேலிக்கு உள்ளே போக எனக்கு அன்று அனுமதி இருந்தது. நானும் தேடினேன். எட்டு நாற்பது ஆனது. எட்டு ஐம்பது.

அப்போது உக்கிரபாண்டி டீத் தூக்கோடு வந்தார். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"என்னத்த மாப்ள தொலைச்சீக? மூணு பேரா மேஞ்சுக்கிட்டு இருக்கீக."

"தேங்காச் சில்லுண்ணே" என்றான் விக்ரம்.

அவர் வாய் நின்றது. "நான் தின்னுட்டேனேப்பா."

தமிழ்வாணி எழுந்தார். "ஓடு எங்கண்ணே?"

"செதறுகாய் எடுத்துத் திங்கிறது தப்பா? ஊர் ஒலகத்துல எல்லாரும்..."

"தின்னது தப்பில்லண்ணே. ஓட்ட எங்கிட்டு வீசுனீங்க?"

உக்கிரபாண்டி தூக்கை இறக்கிவைத்துவிட்டுக் கையை நீட்டினார். கை போன திசையில் வெட்டாத பட்டை. ரோலரிலிருந்து ரொம்ப தூரம் தள்ளி. நாங்கள் அவ்வளவு தூரம் தேடவே இல்லை. கயிற்றுக்கு இரண்டடி முன்னால், கணுக்கால் உயரப் புல்லுக்குள், கூர்முனை மேலே பார்க்கக் கிடந்தது. கயிற்றுக்கு மறுபக்கம் ஒரு பையன் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

தமிழ்வாணி அதை எடுத்துத் தேங்காயின் ஓட்டையில் வைத்தார். உள்ளே பருப்பு இல்லை, ஆனால் விளிம்பு அப்படியே பொருந்தியது. போன் பேசி முடித்துத் திரும்பிய கிரிதர் சார் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு ஷூ கட்டிய பையனைப் பார்த்தார். பிள்ளைகளை அவரே மேற்கே கூட்டிப்போனார்.

ஆட்டம் ஒன்பதரைக்குத் தொடங்கியது. சீஃப் கெஸ்ட் வந்தது பத்தேகாலுக்கு.

சாயங்காலம் தமிழ்வாணி அலுவலக அறைக்குள் போனபோது நான் வெளியே நின்றேன். வெளியே வந்து, "போட்டுட்டாரு" என்றார். அவ்வளவுதான். கிரிதர் சார் விக்ரமையும் அதே மாதிரி ஓட்டப் பழக்கிவிடச் சொன்னாராம். தமிழ்வாணி ஊருக்குப் போகும் நாளில் இப்போது விக்ரம் ஓட்டுகிறான். அவனும் வாளியோடு நடந்த பிறகுதான் ஏறுகிறான்.

அடுத்த போட்டிக்கும் தேங்காய் உடைத்தார்கள். இந்த முறை கிரிதர் சார் தேங்காயை ஒரு சாக்குக்குள் போட்டு, வாயை முறுக்கிப் பிடித்து, ரோலரில் அடித்தார். சாக்குக்குள் சிதறினால் அது எப்படிச் சிதறுகாய் ஆகும் என்று உக்கிரபாண்டி இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. பிரஷ் எப்படி மைதானத்துக்குள் வந்தது என்பதும் இதுவரை தெரியவில்லை.

உங்கள் ஊர்க் கல்லூரியிலோ பூங்காவிலோ மைதானத்திலோ புல் வெட்டும் வண்டி ஓட்டுகிறவர் ஒருவர் இருப்பார். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அங்கே யார் தேங்காய் உடைப்பார்களோ, அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.