பத்தாம் வகுப்பில் ஓர் இடம்

எங்கள் குடும்பத்தின் விண்ணப்பங்கள் யாவும் அண்ணாவின் உணவுமேசையில்தான் நிரப்பப்பட்டன. குடியுரிமையோ ஓய்வூதியமோ கடவுச்சீட்டோ, எதுவாயினும் ஞாயிறு முற்பகலில் ஆவணங்களை ஒரு கோப்பிலிட்டு, கூடவே ஏதேனும் சமைத்து எடுத்துக்கொண்டு, யூனியன்வில்லிலிருந்த அவருடைய வீட்டுக்குப் போவோம். அவர் வாசிப்புக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு மடிக்கணினியைத் திறப்பார். தொடர்புக்குரிய மின்னஞ்சல் என்ற கட்டத்துக்கு வந்ததும், எவரையும் கேளாமல் தம்முடையதையே இடுவார். பதில் வந்தால் அவரே வாசித்து, தொலைபேசியில் அழைத்து, இனி இன்னது செய் என்று சொல்லுவார்.

எனக்கென்று ஒரு மின்னஞ்சல் இருந்தது. நாள்தோறும் அதைப் பயன்படுத்தவும் செய்தேன். ஆங்கிலம் எனக்குத் தடையன்று. ஆயினும் ஒரு படிவத்தை நானே நிரப்பினால் அண்ணாவை நம்பவில்லை என்று பொருள்படும். அந்தப் பொருளை ஏற்படுத்த எங்கள் உறவில் எவரும் துணிந்ததில்லை.

மகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்த குளிர்காலத்தில் அந்த மேசைக்கு நானும் போனேன். ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே, அண்ணாவின் வட்டாரத்தில், தேர்வு வைத்து மாணவரைச் சேர்க்கும் உயர்பள்ளி ஒன்று உண்டு. வழக்கமான சேர்க்கை ஒன்பதாம் வகுப்பில்தான். அதை நாங்கள் அறிந்தபோது காலம் கடந்திருந்தது. எனினும் எவரேனும் விலகிப்போனால் பத்தாம் வகுப்பில் ஓரிரு இடங்கள் காலியாகும். அவற்றுக்குத் தனியே ஓர் எழுத்துத் தேர்வும் நேர்காணலும் வைப்பார்கள். அந்த ஆண்டு இருந்தது ஓர் இடம். மகள் அந்தப் பள்ளியின் இணையப் பக்கத்தை மனப்பாடமாக அறிந்திருந்தாள். அங்கே கற்பிக்கப்படும் புள்ளியியலைத் தன் பள்ளியில் எவரும் கற்பிப்பதில்லை என்று மூன்று முறை சொன்னாள். வேறு எதையும் அவள் என்னிடம் மூன்று முறை கேட்டதில்லை.

இடையூறு ஒன்றே. பள்ளி அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குரியது. நாங்கள் குடியிருந்தது அதற்கு வெளியே, மல்வேர்னில்.

"என்ரை அட்ரஸைப் போடுவம்," என்றார் அண்ணா. "எத்தினை சனம் செய்யுது. உனக்கு மட்டும் என்ன சத்தியவான் வேசம்?"

ஒரு நாள் தயங்கினேன். மறுநாள் இசைந்தேன். அன்று மாலையே அண்ணாவின் வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் அஞ்சற் குறியீட்டையும் மகளைப் பாடமாக்கச் செய்தேன். பிறருடைய எழுத்தில் ஒற்று மிகுந்தாலும் சிவப்பு மையைத் தேடுகிற நான், முழுதும் பொய்யான ஒரு வரியைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

முடிவு வரும்வரை எவரிடமும் மூச்சுவிட வேண்டாம், நாவூறு பொல்லாதது, பிறர் வாயில் விழுந்தால் பலிக்காது என்றும் அண்ணா எச்சரித்தார். எனக்கு நாவூறில் நம்பிக்கையில்லை. ஆனால் இந்த நகரில் எங்கள் ஆட்கள் பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பற்றி அவை பலித்த பின்னரே பேசுவார்கள். அந்த வழக்கத்தை நானும் கைக்கொண்டேன். ஆகவே முடிவுகள் எப்போது வரும், எவ்வாறு வரும் என்று மற்றொரு தாயிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடிவு வரும் நாளில் நானே பள்ளியை விசாரித்திருப்பேன்.

விண்ணப்பத்தோடு, பிள்ளை தன் விருப்பப்படி செய்த வேலை ஒன்றையும் அனுப்பவேண்டியிருந்தது. மகள் தன் பேருந்துக் குறிப்பேட்டைக் கொடுத்தாள். எங்கள் தரிப்பிடத்துக்குக் காலைப் பேருந்து வரவேண்டிய நேரத்தையும் வந்த நேரத்தையும் ஓராண்டாக அதில் குறித்துவைத்திருந்தாள். உறைபனி, மழை, பாடசாலை விடுமுறை ஆகியவற்றுக்கு வெவ்வேறு நிறங்கள், இறுதியில் வரைபுகள். "விமான நிலையத்துக்கு வேலைக்குப் போறவை நிக்கிற நாளில டிரைவர் கொஞ்சம் வெயிட் பண்ணுவார்" என்பது அவளுடைய கண்டுபிடிப்புகளுள் ஒன்று. அவளுடைய தந்தையும் அப்பேருந்தில்தான் வேலைக்குப் போனார். குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் தரிப்பிடத்தின் பெயரைத் தெளிவாக எழுதியிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். அண்ணாவும் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஏப்ரலில் நேர்காணல் முடிந்து வெளியே வந்தவளின் முகம் வெளிறியிருந்தது.

"வீட்டில இருந்து இங்க வர எவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு கேட்டவை, அம்மா. எனக்கு வாயே திறக்கேல்லை. ஐ ஜஸ்ட் ஃப்ரோஸ்."

ஓராண்டுக்காலம் நிமிடங்களை எண்ணிய பிள்ளை அந்தக் கேள்விக்கு விடையின்றி நின்றிருக்கிறாள். பரவாயில்லை என்று சொன்னேன். 

ஜூன் மாதத்தில் ஒரு மாலை, அண்ணா ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்ததும் அவர் முகத்தைக் கண்டு எனக்கு விளங்கிவிட்டது. இடம் கிடைக்கவில்லையாம், வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டதாம். மகள் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளை அருகே அழைத்து, தலையைத் தடவி, இரக்கம் ததும்பக் கேட்டார்:

"இன்ரவியூவில எங்கையும் தடுமாறினியோ, பிள்ளை?"

அவள் ஆமென்று தலையசைத்தாள். அந்தக் கோடை முழுவதும் அவள் பேருந்து நேரங்களை வேறு தாளிலும் குறிக்கவில்லை. தன் மௌனத்தால் தானே இடத்தைக் கெடுத்துவிட்டோமோ என்றும், மாமாவின் பெயருக்கும் அதனால் இழுக்கு வந்திருக்குமோ என்றும் ஒரு முறை என்னிடம் கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை என்றேன். ஆனால் என் உள்ளத்தில் ஒரு மூலை அதை ஒத்துக்கொண்டது. பிள்ளையைக் குறித்து நான் அப்படி எண்ணியதற்கு இன்றுவரை எனக்கு மன்னிப்பில்லை.

ஆகஸ்ட் இறுதியில் அந்தக் குறிப்பேட்டையாவது திரும்பப் பெறலாமென்று, எவரிடமும் சொல்லாமல், நானே பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி பெயரைக் கேட்டதும் எழுந்து சென்று அதை எடுத்துவந்தார். ஆசிரியர்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்ததாகவும், நாங்கள் இடத்தை வேண்டாமென்று சொன்னபோது எல்லாரும் வருந்தியதாகவும் புன்னகையோடு கூறினார். வேறு எவரையோ எண்ணிச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவ்வாறே சொல்லவும் செய்தேன். அவர் கோப்பைப் புரட்டி, இரண்டு தாள்களை என் பக்கம் திருப்பினார்.

முதலாவது, பள்ளி அண்ணாவின் மின்னஞ்சலுக்கு அனுப்பியது. உங்கள் மகளுக்கு இடமளிக்க விரும்புகிறோம். குறிப்பேட்டைப் பார்க்கையில் நீங்கள் மல்வேர்னில் வசிப்பதாகத் தோன்றுகிறது. அப்படியாயின் முகவரியைத் திருத்தி, வெளி வட்டாரத்தாருக்குரிய படிவத்தை ஐந்து நாள்களுக்குள் அனுப்புங்கள். இடைச்சேர்க்கையில் அதற்கு வழியுண்டு. இவ்வளவுதான் அதன் சாரம். கண்டனம் ஒரு சொல்லும் இல்லை.

இரண்டாவது, அதே மின்னஞ்சலிலிருந்து ஐந்தாம் நாள் போன மறுமொழி. எங்கள் குடும்பம் வேறு முடிவெடுத்துள்ளது. உங்கள் பரிவுக்கு நன்றி. வாக்கியங்கள் பிழையற்றவை, அளவானவை, பண்பானவை. அடியில் என் பெயர் இருந்தது.

அந்த இடத்தை மீட்க இயலுமா என்று கேட்டேன். அது அடுத்த பிள்ளைக்குப் போய் இரண்டு மாதங்களாகிவிட்டன.

அங்கிருந்து அண்ணாவின் வீட்டுக்கு நடந்தே போனேன். அவர் முற்றத்துப் புல்லுக்கு நீர் விட்டுக்கொண்டிருந்தார். குறிப்பேட்டைக் கண்டதும் நீர்க்குழாயை மூடினார். கடிதங்களைப் பற்றிக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை, அதற்காக அவரை மெச்சவும் என்னால் இயலவில்லை.

"திருத்திக் குடுக்கிறதெண்டா முதல் குடுத்தது பொய்யெண்டு நான் எழுதவேணும், தங்கச்சி. உந்த அட்ரஸில எத்தினை பேருக்குப் போட்டுக் குடுத்தனான் எண்டு உனக்குத் தெரியுமே? ஒண்டைக் கிண்டினா எல்லாம் வரும். கோயில் நிர்வாகத்தில இருக்கிறவன் நான்."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே, அண்ணா."

"சொன்னா நீ விட்டிருப்பியே?"

விட்டிருக்கமாட்டேன். அதை அவர் சரியாகவே கணித்திருந்தார். பெயருக்கு அஞ்சினார் என்பது எனக்கு விளங்கியது, நானுங்கூட அஞ்சியிருப்பேன். ஐந்து நாள்கள் அந்தக் கடிதத்தை வைத்திருந்துவிட்டு, என் பெயரால் மறுத்துவிட்டு, பிறகு வந்து பிள்ளையின் தலையைத் தடவி, நீ தடுமாறினாயா என்று கேட்டாரே, அதைத்தான் என்னால் எங்கும் பொருத்திப் பார்க்க முடியவில்லை. அதைப் பற்றிக் கேட்டேன். அவர் குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.

"ஏதோ ஒண்டு சொல்லவேணுமே. பிள்ளையிட்ட இதைச் சொல்லிப்போடாதை. சின்னப்பிள்ளை, தாங்காது."

உள்ளே வந்து தேநீர் குடிக்கும்படி அண்ணி வாசலில் நின்று அழைத்தார். நான் போகவில்லை.

செப்டம்பரில் பள்ளி திறந்த அன்று காலை, பேருந்துத் தரிப்பிடத்தில் மகளிடம் குறிப்பேட்டைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். எங்கே தொடங்குவதென்று தெரியாமல் முடிவிலிருந்து தொடங்கினேன்.

"அப்ப எனக்குக் கிடைச்சதா?"

"ஓம். உனக்குத்தான் கிடைச்சது."

முகம் மலர்ந்தது. ஜூனுக்குப் பின் அப்போதுதான் அந்த முகத்தைக் கண்டேன். அது நெடுநேரம் நிலைக்கவில்லை.

"மாமாவுக்கு அண்டைக்கே தெரியுமா? ரோல்ஸ் கொண்டு வந்தேக்க?"

"ஓம்."

அவள் குறிப்பேட்டைப் பைக்குள் வைத்தாள். பிறகு, குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "நீங்கள்தானே அம்மா அந்த அட்ரஸைப் பாடமாக்கச் சொன்னனீங்கள்."

பேருந்து தாமதமாக வந்தது. அவள் அதைக் குறிக்கவில்லை.

இவ்வாண்டு குளிர்காலத்தில், அதே பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு ஓர் இடம் இருப்பதாக அவளே அறிந்து, படிவத்தையும் அவளே நிரப்பினாள். முகவரி மல்வேர்ன், மின்னஞ்சல் அவளுடையது. நிரப்பும்போது அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். பெற்றோரின் கையொப்பம் தேவைப்பட்டதால், கடைசித் தாளை மட்டும் சமையலறைக்கு எடுத்துவந்து நீட்டினாள். முன்பக்கங்களைக் காட்டச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் என் பெயரை எழுதி முடிக்கும்வரை அருகிலேயே நின்று பேனாவின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் தாளை எடுத்து, நான் எழுதியதை ஒரு முறை வாசித்துப் பார்த்தாள்.