நார்வே அம்மாளும் என் மொழிபெயர்ப்பும்

போன சனிக்கிழமை தென்காசியில் ஒரு கூட்டம். மேடையில் நின்று நான் ஒரு பொய் சொன்னேன். நூற்றைம்பது பெண்களுக்கு நடுவில் எழுந்து நின்று அதைப் போட்டு உடைத்தது வேறு யாருமில்லை... என் மனைவி சொர்ணம்.

விஷயம் இதுதான். கொல்லம் பக்கம் நார்வேக்காரர்கள் மீன்பிடித் திட்டம் நடத்துகிறார்கள் அல்லவா? அதைப் பார்க்க அந்த நாட்டுப் பெண் எம்.பி. ஒருவர் வந்திருந்தார். இடதுசாரி. பெயர் இங்கர். ஐம்பது வயதிருக்கும். சீசன் என்று கேள்விப்பட்டு, செங்கோட்டை ரயிலேறிக் குற்றாலம் வந்துவிட்டார். நாமெல்லாம் பல் கிட்டித்துக் குளிக்கிற அருவி, அவருக்கு வெந்நீர் மாதிரி இருந்ததாம்!

தென்காசி மாதர் சங்கம் சும்மா விடுமா? மாலையும் சோடாவும் வாங்கி வைத்துக் கூட்டம் போட்டுவிட்டார்கள். மொழிபெயர்க்க, இங்கிலீஷ் வாத்தியாரான நான்.

இந்த இடத்தில் என் வீட்டு நிலவரத்தையும் சொல்ல வேண்டும். பஞ்சாயத்துத் தேர்தல் வருகிறது. எங்கள் வார்டில் நிற்க வேண்டும் என்று சொர்ணத்துக்கு ஆசை. தெருக்குழாய்க்காக ஆபீசுக்கு நடையாய் நடந்தும் ஒருவரும் காது கொடுக்கவில்லை என்கிற கோபம். மனுத்தாக்கலுக்குத் திங்கட்கிழமை கடைசி நாள். மூன்று வாரமாக என் சம்மதத்தைக் கேட்கிறாள். மூன்று வாரமாக நானும் "பார்ப்போம்" என்கிறேன். புருஷர்கள் 'பார்ப்போம்' என்றால் என்னவென்று வாசகிகளுக்குத் தெரியாதா?

இங்கர் அம்மாள் நிதானமாக இங்கிலீஷில் பேசினார். மீனவர் மகள். பதினான்கு வயதில், மீனை டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை. கூலி போதாது என்று பெண்களைத் திரட்டி ஸ்டிரைக். வேலை போயிற்று. நகரசபைக்கு நின்றார் — தோல்வி. மறுபடி நின்றார் — மறுபடியும் தோல்வி. மூன்றாவது தடவை ஜெயித்து, அப்புறம் பார்லிமெண்ட். இதுவரை ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தேன்.

பிறகு சொன்னார்: "அந்த மூன்றாவது தேர்தலில் நான் ஓட்டுக் கேட்கப் போனேன். என் கணவர் உருளைக்கிழங்கு வேகவைத்து, நாலு குழந்தைகளுக்கும் போட்டு, பாத்திரமும் கழுவினார்."

முன்வரிசையில் சொர்ணம். எனக்குத் திக்கென்றது. "கணவரின் நல்லாசியோடு வெற்றி பெற்றார்" என்று முழங்கினேன்.

சொர்ணம் பாளையங்கோட்டை போர்டிங்கில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். அது எனக்கு மறந்தே போயிற்று. எழுந்துவிட்டாள்.

"அவிய அப்படிச் சொல்லலையே. வீட்டுக்காரருல்லா சமைச்சாராம்? பாத்திரமும் வெளக்குனாராம். அத ஏன் விட்டுட்டிய?"

ஒரே சிரிப்பு. "வாத்தியாரு வீட்ல இன்னைக்குச் சோறு கெடையாது" என்று பின்னாலிருந்து ஒருத்தி. ஏன் சிரிக்கிறார்கள் என்று இங்கர் அம்மாள் என்னைக் கேட்டார். நான் சோடாவைக் குடித்தேன். சொர்ணமே மேடையேறி எல்லாவற்றையும் இங்கிலீஷில் ஒப்பித்தாள் — திங்கட்கிழமை, மூன்று வாரம், 'பார்ப்போம்' உட்பட.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "என் கணவரும் முதல் இரண்டு தேர்தலில் இந்தப் 'பார்ப்போம்'தான் சொன்னார். இரண்டிலும் தோற்றேன்" என்றார். அதைச் சொர்ணம் தமிழில் சொன்னாள். ஒரு வார்த்தை விடவில்லை.

வீடு திரும்பும்போது சாரலில் நனைந்தபடி நடந்தோம். தெருமுனையில் நின்று கேட்டாள்: "நான் தோத்துருவேன்னு பயமா, இல்ல ஜெயிச்சிருவேன்னா?"

இரண்டாவதுதான். சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"ஜெயிச்சா வீட்டுக்கு வராமலா போயிருவேன்?" என்றாள்.

திங்கட்கிழமை இருவருமாகப் பஞ்சாயத்து ஆபீஸ் போனோம். குமாஸ்தா படிவத்தை விரித்து, "வீட்டுக்காரர் பேரு?" என்றார். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. பக்கத்தில் நிற்கிறவர் எடுத்துக் கொடுப்பதுதான் வழக்கம். நான் வாயைத் திறந்தேன். சொர்ணம் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். குமாஸ்தாவின் முகத்தைப் பார்த்து, என் பெயரை இனிஷியலோடு கணீரென்று சொன்னாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தேர்தலில் ஜெயிப்பாளா, தெரியாது. இனி வீட்டிலும் அப்படியே கூப்பிட்டுவிடுவாளோ என்பதுதான் இப்போதைய கவலை.